சாக்கை முழுக்க இறக்கச் சொன்னேன்

"தம்பி, சாக்கை முழுக்க இறக்கிவிடவா, ஒரு பக்கம் தூக்கி வைக்கவா?"

தம்பலகாமத்தில் கோழிக்குஞ்சு வளர்க்கும் அக்கா ஒருவர், குளிர் இரவொன்றில் குஞ்சுக் கூட்டை மூடும் சாக்கைப் பற்றிக் கேட்ட கேள்வி இவ்வளவுதான். நான் அப்போது இடியப்பத்தைச் சொதியில் பிசைந்துகொண்டிருந்தேன். தொலைபேசியைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கியபடி, "முழுக்க இறக்குங்கள் அக்கா, காற்றுப் போகக் கூடாது" என்றேன். சூட்டுக்கு வைத்த கரிச்சட்டி உள்ளே இருப்பதை அதற்கு முன்பே அவர் சொல்லியிருந்தார். அதை நான் கேட்கவில்லை என்று சொல்ல ஆசைதான். கேட்டேன். "சிரட்டைக்கரிதானே, புகை வராது, நல்லது" என்றுகூடச் சொன்னேன்.

2022 டிசம்பரின் அந்த வாரத்தை கால்நடைகளைப் பார்க்கும் நம் தொழிலில் இருப்பவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. கார்த்திகை விளக்கீடு முடிந்த கையோடு வந்த குளிர். மாண்டஸ் புயல் மாமல்லபுரத்துப் பக்கம் கரையேறியது. மாடுகள் செத்ததோ இங்கே இலங்கையில், நம் வடக்கிலும் கிழக்கிலும். வெட்டைவெளியில் நின்ற மாடுகள் மழையில் ஊறி, வாடைக்காற்றில் விறைத்து விழுந்தன. நானும் பகல் முழுவதும் மாடுகளைப் பார்த்துவிட்டு வந்துதான் சாப்பாட்டில் உட்கார்ந்திருந்தேன். கோழிக்குஞ்சு என்ற நினைப்பே எனக்கு அன்று இல்லை.

நியாயம் சொல்கிறேன் என்று தெரிகிறது. இன்னும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

திருகோணமலையில் நாம் எல்லோரும் வெக்கைக்குப் பழகியவர்கள். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் கோழி வாயைப் பிளந்து மூச்சு வாங்கும். கூரைக்குத் தண்ணீர் தெளிப்பது, கிடுகு போடுவது எல்லாம் எங்களுக்குத் தண்ணீர் பட்ட பாடு. குளிரென்றால் ஒரு பல்ப், அத்தோடு சரி. ஆனால் பிறந்த வாரத்தில் குஞ்சுக்கு 32 முதல் 35 பாகை வேண்டும். பிறகு வாரத்துக்கு மூன்று பாகையாகக் குறைத்துக்கொண்டு வரலாம். மாரியில் நமக்கு இதமாக இருக்கும் 24 பாகை இரவே அதற்கு எட்டுப் பத்துப் பாகை குறைவு. அன்றைய இரவு அதைவிடவும் மோசம். உடல் சூட்டைத் தானே காத்துக்கொள்ள இறகு முளைக்காத, ஐந்து நாள் குஞ்சுகள் நூறு. நூறு வாட் பல்புகள் இரண்டு. அட்டவணைப்படி இரண்டு மணி இருபது நிமிட மின்வெட்டு என்றார்கள். அன்று காற்றில் கொப்பு முறிந்து கம்பியில் விழ, இருட்டு விடியும்வரை நீண்டது. மண்ணெண்ணெய் ஓகஸ்ட்டில் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ஆன பிறகு அவர் வீட்டில் விளக்குக்கே அளந்துதான் ஊற்றினார்கள். கரியை விட்டால் அவருக்கு வேறு வழி இருக்கவில்லை. காற்றைத் தடுக்கச் சொன்னதில் பிழை என்ன?

ஒருநாள் வயதுக் குஞ்சு வாங்கச் சொன்னவனும் நான்தான். வழக்கமாக ஒரு மாதக் குஞ்சைத்தான் சிபாரிசு செய்வோம், சூடு கொடுக்கும் தொல்லை முடிந்திருக்கும். "விலை குறைவு அக்கா, மூன்று வாரம் கவனமாகப் பார்த்தால் போதும்" என்று சொல்லியிருந்தேன்.

கோழி வளர்ப்பவர்களுக்கு நடத்தும் வகுப்புகளில் நான் பலகையில் வட்டங்கள் வரைவேன். வட்டம் என்பது குஞ்சுகளைச் சுற்றி நிறுத்தும் தகர வளையம், புள்ளிகள் குஞ்சுகள். நடுவில் பல்புக்குக் கீழே குவிந்தால் குளிர். ஓரத்துக்கு ஓடினால் வெக்கை. ஒரே பக்கமாக ஒதுங்கினால் எங்கோ காற்றுப் புகுகிறது. பரவலாகக் கிடந்தால் சரி. பத்து வருடமாக இந்த நான்கு வட்டங்களையும் வரைந்து, அவரும் அதைக் கொப்பியில் அழகாக வரைந்து வைத்திருந்தார். காற்றுக் கெட்டுப்போனால் புள்ளிகள் எங்கே நிற்கும் என்பதற்கு என்னிடம் வட்டம் இருக்கவில்லை. கரி புகையாமல் எரிந்தாலும் காபனோரொட்சைட்டு என்ற நச்சு வாயு வரும், அதற்கு மணம் இல்லை என்று பள்ளிக்கூடத்தில் படித்தவன்தான் நான்.

காலையில் பாலம்போட்டாறு தாண்டித் தம்பலகாமம் போய்ச் சேரும்போது எட்டு மணி. நாற்பது செத்துவிட்டன என்றார். முருங்கை மரத்தடியில் புதைத்தும் விட்டிருந்தார். எங்கே கிடந்தன என்று கேட்டேன். "சட்டியைச் சுற்றி" என்றார். கொஞ்சம் பொறுத்து, "மூலையிலும் கிடந்தன. எல்லா இடமும்தான்" என்றார். மூலையில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்திருந்தால் குளிருக்கு அண்டி, ஏறி மிதித்து மூச்சடைத்திருக்கும். சட்டியைச் சுற்றிக் கிடந்திருந்தால் வேறு கதை. இரண்டும் என்றால் நான் என்ன செய்வது?

தகரத்துக்கும் சுவருக்கும் இடையில் அவர் காணாத ஒன்று கிடந்தது. கையில் எடுத்தேன். ஈர நெஞ்சில் உமி ஒட்டியிருந்தது. கால் விரல்கள் சுருண்டிருந்தன. ஒரு எலுமிச்சம்பழப் பாரம்கூட இல்லை. என் பையில் கத்தரிக்கோல் இருந்தது. கால்நடை வைத்தியரோடு நின்று பலமுறை அறுத்துப் பார்த்திருக்கிறேன். அந்த நச்சு வாயுவில் செத்ததென்றால் இரத்தம் வழக்கத்தைவிட நல்ல சிவப்பாக இருக்கும். இரண்டு வெட்டு, ஒரு நிமிட வேலை.

பையின் சிப்பைத் திறந்தேன். பேனையை எடுத்துக்கொண்டு மூடினேன்.

நாற்பத்தொன்றில் ஒன்றை அறுத்து என்ன நிரூபிக்க முடியும் என்று அப்போது நினைத்ததாக இப்போது நினைக்கிறேன். அப்போது அப்படி ஒன்றும் நினைக்கவில்லை என்பதுதான் உண்மையாக இருக்கும். படிவத்தில் "இறப்புக்கான காரணம்" என்ற கட்டத்தில் "கடும் குளிர்" என்று எழுதினேன். அந்த வாரம் எல்லாப் படிவத்திலும் அதைத்தான் எழுதினோம். மாடுகளுக்கு அது பொய்யில்லை.

"குளிர்தானா, சேர்?"

"குளிர்தான் அக்கா."

அதுவரைக்கும் என்னைத் தம்பி என்றுதான் கூப்பிட்டவர். கையில் படிவத்தைக் கண்டதால் சேர் என்றிருப்பார் என்று மனைவி சொல்கிறாள். இருக்கலாம். படிவங்களோடு அதற்கு முன்பும் போயிருக்கிறேன்.

இப்போது வகுப்பில் ஐந்தாவது வட்டம் வரைகிறேன். கரிச்சட்டி உள்ளே வேண்டாம். கரண்ட் போனால் சோடாப் போத்தல்களில் சுடுதண்ணீர் நிரப்பித் துணியில் சுற்றி வையுங்கள். சாக்கின் மேற்பக்கத்தில் நாலு விரல் இடைவெளி விடுங்கள், காற்று வராத பக்கமாக. இதைச் சொல்லும்போது குரல் கொஞ்சம் உயர்ந்துவிடுகிறது என்று உடன் வேலை செய்பவர் சொன்னார். 2024 நவம்பர் மழையில் மூதூரில் ஒரு பையன் நாலு விரலை வாடைப் பக்கமாக விட்டுவிட்டான். சாரல் உள்ளே அடித்து உமி நனைந்து, இருபது குஞ்சுகள் மூலையில் அப்பளம்போல் நசுங்கிக் கிடந்தன. "நீங்கள் சொன்னபடிதானே சேர் திறந்து வைத்தேன்" என்று அழாக்குறையாக நின்றான்.

வெளியே சொல்லக் கூசும் ஒன்றை இங்கே எழுதுகிறேன். அந்தக் குவியலைப் பார்த்தபோது எனக்கு நெஞ்சு லேசானது. குளிருக்கு இப்படியும் சாகும் என்றால், தம்பலகாமத்திலும் குளிர்தானே என்று மனம் ஓடியது. அவன் இருபது குஞ்சுகளை இழந்து நிற்கிறான், நான் என் கணக்கை நேராக்கிக்கொண்டிருக்கிறேன். தம்பலகாமத்தில் தப்பிய ஐம்பத்தொன்பதும் அதே சாக்குக்குள், அதே சட்டிக்குப் பக்கத்தில்தான் இருந்தன என்பதையும் சேர்த்துச் சொல்லிக்கொள்கிறேன். பகலில் அது போதுமாக இருக்கிறது.

அவர் கோழி வளர்ப்பை விடவில்லை. ஒரு மாதக் குஞ்சுதான் வாங்குகிறார், என்னைக் கேட்காமல். சென்ற மாதம் அந்தப் பக்கம் போனபோது சோளம் சுட்டுத் தந்தார். அதே சட்டி, விளிம்பில் உடைந்த இடம் எனக்கு நினைவிருக்கிறது. வாசற்படிக்கு வெளியே, முற்றத்தில் வைத்திருந்தார். தூறத் தொடங்கியது. கரியில் துளி விழுந்து சீறியது. உள்ளே எடுத்து வையுங்கள் அக்கா, நனைகிறது என்றேன்.

"வேண்டாம் சேர், அது வெளியிலேயே இருக்கட்டும்" என்றார்.