முதலில் கம்பியும் குறடும், பிறகுதான் ஸ்பூன்

போன மே மாதக் கடைசியில் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்துச் சிம்கோ ஏரியில் ஒரு பைக் மீன் என் ஸ்பூனை, அதாவது கொக்கி மாட்டிய உலோகப் போலி இரையை, வாயோடு கொண்டு போய்விட்டது. தங்கூசியை, அதாவது நைலோன் தூண்டில் நூலை, இழுத்துப் பார்த்தால் நுனி கத்தியால் வெட்டியதுபோல இருந்தது. மீன் தப்பியதில் எனக்குக் கவலையில்லை. மூன்று முனைக் கொக்கி வாயில் குத்தியபடி அது ஆழத்துக்குப் போனதுதான் இன்னும் உறுத்துகிறது. ஒரு கோப்பிக்குக் கொடுக்கும் காசில் கம்பித் துண்டு ஒன்று வாங்கிக் கட்டியிருந்தால் அது நடந்திருக்காது. புதிதாகப் பைக் பிடிக்கப் போகிறவர்கள் யாருக்கும் அப்படி நடக்கக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

தூண்டில் எனக்குப் புதிதல்ல. யாழ்ப்பாணத்துத் தொண்டைமானாற்றுப் பாலத்தடியில் கைத்தூண்டில் போட்டு வளர்ந்தவன். சீலா மீனின் பல்லை நன்றாகத் தெரியும். பைக்கும் பார்வைக்கு அதன் நன்னீர்ச் சொந்தக்காரன் மாதிரித்தான்: நீண்ட உடம்பு, வாத்தின் அலகு போன்ற மூக்கு, முதுகுச் செட்டை வாலுக்குக் கிட்ட. இரண்டும் ஒரே குடும்பம் இல்லை. ஆனால் பதுங்கியிருந்து பாயும் குணம் இரண்டுக்கும் உண்டு. இவ்வளவு தெரிந்தும் ஏரி மீன்தானே என்று நினைத்துவிட்டேன்.

முதல் பயணம் மீன் வரைக்குமே போகவில்லை. ஒன்ராறியோவில் 18 வயதிலிருந்து 64 வயது வரை உள்ளவர்களுக்கு இரண்டு சாமான் வேண்டும். ஒன்று அவுட்டோர்ஸ் கார்ட் என்ற அடையாள அட்டை. மற்றது மீன்பிடி லைசன்ஸ். நான் ஒரு கடைக்குப் போய், மீன் பிடிக்கப் போகிறேன், தேவையானதைத் தாருங்கள் என்று தெளிவாகத்தான் கேட்டேன். அங்கிருந்தவர் கார்டுக்கு மட்டும் பதிந்து, காசை வாங்கி, தாளை நீட்டினார். 3 வருடத்துக்குச் செல்லும் என்றார். நானும் எல்லாம் முடிந்தது என்று நம்பி, மகனையும் ஏற்றிக்கொண்டு 404 நெடுஞ்சாலையில் கெஸ்விக் வரைக்கும் போய்விட்டேன்.

ஏரிக்கரையில் எங்களோடு வந்த பக்கத்து வீட்டு அண்ணை அந்தத் தாளை வாங்கிப் பார்த்தார். "தம்பி, இது வெறும் கார்ட். லைசன்ஸ் எங்க?" என்றார். அந்த இடத்திலேயே போனில் வாங்கப் பார்த்தேன். கணக்குத் திறக்கும் பக்கம் மூன்று முறை நடுவில் நின்றுவிட்டது. அன்றைக்கு என் தூண்டில் காரை விட்டு இறங்கவில்லை. மகனுக்கு ஒன்பது வயது. 18 வயதுக்குக் கீழே உள்ள ஒன்ராறியோப் பிள்ளைகளுக்கு லைசன்ஸ் தேவையில்லை என்பதால் அவன் மட்டும் சின்னக் கொக்கி போட்டு நாலு மஞ்சள் பேர்ச் மீன் பிடித்தான். அவனுக்காவது அந்த நாள் வீணாகவில்லை.

அன்றிரவு வீட்டுக் கணினியில் பத்து நிமிடத்தில் லைசன்ஸ் எடுத்தேன். ஸ்போர்ட், கன்சர்வேஷன் என்று இரண்டு வகை இருக்கிறது. இரண்டாவது மலிவு, ஆனால் வைத்திருக்கக்கூடிய மீன்களின் எண்ணிக்கை குறைவு. பிடித்த மீனைத் திரும்பத் தண்ணீரில் விடப்போகிறீர்கள் என்றால் அதுவே போதும். எதை எடுத்தாலும் கையில் அச்சிட்ட தாளோ போனில் சேமித்த பிரதியோ இருக்கட்டும். கரையில் இணையத்தை நம்பாதீர்கள்.

விதிப் புத்தகத்திலும் ஒரு இடத்தில் கவனம் வேண்டும். மாகாணம் 20 மீன்வள வலயங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. சிம்கோ இருப்பது 16ஆம் வலயத்தில். வலயத்தின் பொது விதியைப் படித்துவிட்டு மூடிவிடக் கூடாது. அதற்குக் கீழே தனித்தனி ஏரிகளுக்கான விதிவிலக்குகள் வரும். பருவத் தேதி, அளவு, எண்ணிக்கை எல்லாம் அங்கே மாறக்கூடும். போகிற வருடத்துக்கான பட்டியலைப் போவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள்.

சரி, இரண்டாவது பயணம். இந்த முறை தாள் எல்லாம் சரியாக இருந்தது. ஏரியின் தெற்குப் பக்கத்தில் இருக்கும் குக்ஸ் குடா ஆழம் குறைந்தது, நீர்ச்செடி நிறைந்தது. பைக்குக்குப் பிடித்த இடம். பனி உருகியதுமே கரையோரச் செடிகளுக்குள் வந்து முட்டையிடும் மீன் இது. அதன் பிறகும் வசந்தம் முழுக்கப் பெரும்பாலும் கரைக்குக் கிட்டவே திரியும். படகு இல்லாதவர்களுக்கு இதைவிட நல்ல காலம் கிடையாது.

அதற்கு முந்தின நாள் வேறொரு கடையில் சாமான் வாங்கும்போது கம்பி லீடர், அதாவது நூலுக்கும் ஸ்பூனுக்கும் நடுவில் கட்டும் கம்பித் துண்டு, இருக்கிறதா என்று கேட்டேன். "தேவையில்லை, மீன் கம்பியைக் கண்டால் கிட்ட வராது. கட்டியான தங்கூசி போதும்" என்று விற்பனைப் பொடியன் உறுதியாகச் சொன்னான். நானும் நம்பி 12 இறாத்தல் தாங்கும் தங்கூசியில் சிவப்பு வெள்ளை ஸ்பூனை நேரே முடிந்துகொண்டு போனேன். பைக்கின் வாய்க்குள்ளே அண்ணம் முழுக்க உள்நோக்கிச் சாய்ந்த பற்கள். கீழ்த்தாடையில் கோரைப் பல். ஸ்பூனைத் தலையோடு கவ்வினால் நூல் அந்தப் பல்லில்தான் உரசும்.

காலை எட்டு மணியிருக்கும். செடி ஓரத்தில் எறிந்து, மெல்லச் சுற்றி, ஒரு கணம் நிறுத்தினேன். ஸ்பூன் தளர்ந்து கீழே இறங்கும்போது தடி வளைந்தது. இரண்டு பாய்ச்சல். அப்புறம் கை வெறுமையாகிவிட்டது. அண்ணை தங்கூசி நுனியைப் பார்த்துவிட்டு, "கம்பி போடாமலே எறிஞ்சனீர்?" என்று மட்டும் கேட்டார். அதற்கு மேல் அன்றைக்கு எறிய எனக்கு மனமில்லை.

ஆகவே, கடைக்காரர் என்ன சொன்னாலும் கம்பி போடுங்கள். ஓரடி நீளம், 30 இறாத்தல் தாங்கும் ஸ்டீல் லீடர் போதும். பசித்த பைக் கம்பியைப் பார்த்து ஒதுங்குவதை அதற்குப் பிறகு நான் காணவில்லை. தடி ஏழடி, கொஞ்சம் விறைப்பானது. ரீலில் 30 இறாத்தல் பின்னல் நூல். ஸ்பூன் இரண்டு மூன்று போதும், பெட்டி நிறைய வாங்க வேண்டாம். மிச்சக் காசைக் குறடுக்கு வையுங்கள்.

குறடைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் மூன்றாவது பயணத்தில் என்னை வதைத்தது அதுதான். ஜூன் மாத முதல் கிழமை, அதே குடா. இந்த முறை கம்பி கட்டியிருந்தேன். ஒரு பைக் ஸ்பூனுக்குப் பின்னாலேயே கரை வரை வந்து, என் காலடியில் அசையாமல் நின்றது. "அப்பா, நிக்குது, நிக்குது!" என்று மகன் கத்தினான். அது அங்கேயே திரும்பிப் போய்விட்டது. பைக் இப்படிப் பின்தொடர்வது வழக்கம். அதனால் கடைசி ஆறடியில் அவசரமாகத் தூக்காமல் ஸ்பூனைப் பக்கவாட்டில் திருப்பி இழுங்கள். அடுத்த எறிகையில் அப்படிச் செய்தேன், பாய்ந்து கவ்வியது.

வலைக்குள் வந்த பிறகுதான் சிக்கல். என் குறடு வீட்டில் ஆணி பிடுங்கும் குட்டைக் குறடு. கொக்கி தொண்டைக்குக் கிட்டக் குத்தியிருந்தது. மீன் துள்ளியதில் மற்ற முனை வலையின் நைலோன் கண்ணியில் மாட்டிக்கொண்டது. வாய்க்குள் விரலை விட முடியாது. செவுள் பக்கமாகப் பிடிக்கப் போய், அங்கேயுள்ள முள் வரிசை என் இரண்டு விரலைக் கிழித்தது. அண்ணைதான் தன் நீண்ட மூக்குக் குறடோடு ஓடி வந்து, வலையை ஏரிக்குள் தாழ்த்தி, மீன் தண்ணீரில் கிடக்கும்படியே கொக்கியைக் கழற்றினார். இந்த மீனை பாஸ் மீன் மாதிரிக் கீழ் உதட்டில் பிடிக்கவே கூடாது. செவுள் மூடியின் ஓரமாகத் தாடை எலும்பை ஒட்டி விரலை நுழைத்துப் பிடிக்க வேண்டும், உள்ளேயுள்ள சிவந்த செவுளைத் தொடாமல். வயிற்றை மற்றக் கை தாங்க வேண்டும். அது பழகும் வரைக்கும் மீனைத் தண்ணீரை விட்டுத் தூக்காமல் இருப்பதே நல்லது.

இப்போது என் பையில் 28 சென்டிமீட்டர் குறடு, கொக்கியையே வெட்டக்கூடிய வெட்டுக்குறடு, ரப்பர் வலை மூன்றும் இருக்கின்றன. கொக்கிகளின் எதிர்முள்ளையும் குறடால் நசுக்கிவிடுகிறேன். மீன் தப்புவது கொஞ்சம் கூடலாம், ஆனால் கழற்றுவது நொடி வேலை.

பிடித்தது பைக்தானா என்று பார்ப்பதும் முக்கியம். அதன் உறவான மஸ்கியும் ஒன்ராறியோ ஏரிகளில் உண்டு, அதற்கு விதிகள் மிகக் கடுமை. கன்சர்வேஷன் லைசன்ஸில் மஸ்கி ஒன்றுகூட வைத்திருக்க முடியாது. கரும்பச்சை உடம்பில் வெளிர் புள்ளிகள் இருந்தால் பைக். வெளிர் உடம்பில் கருங்கோடுகளோ கரும்புள்ளிகளோ இருந்தால் மஸ்கி. வால் நுனி பைக்குக்கு உருண்டை, மஸ்கிக்குக் கூர். இன்னும் சந்தேகமென்றால் கீழ்த்தாடையின் அடியில் துளைகளை எண்ணலாம்: ஒரு பக்கத்துக்கு ஐந்து அல்லது குறைவாக இருந்தால் பைக். சந்தேகம் தீராவிட்டால் உடனே விட்டுவிடுங்கள்.

என் மீன் 71 சென்டிமீட்டர். வாலடியில் பிடித்து நிமிர்த்தித் தண்ணீரில் வைத்திருந்தேன். ஒரு நிமிடத்தில் செட்டை அடித்துக்கொண்டு செடிக்குள் போனது. இது குளிர்நீரை விரும்பும் மீன், வெயிலில் களைத்தால் தேறுவது கடினம். அதனால் ஜூலை, ஆகஸ்ட் வெக்கையில் ஆழமற்ற குடாவில் பைக் தேடுவதை நான் விட்டுவிட்டேன். செப்டம்பரில் தண்ணீர் குளிர்ந்ததும் திரும்பப் போனேன்.

அப்போது பிடித்த ஒரு சின்னப் பைக்கை, விதிக்குள் வந்ததால், சமைக்கக் கொண்டு வந்தோம். முதுகுத் தசைக்குள் கவட்டை மாதிரி பிரிந்த முள் வரிசை ஒன்று தலையிலிருந்து முதுகுச் செட்டை வரை ஓடும். எங்களில் பலர் இந்த மீனை ஒதுக்குவது அதனால்தான். வால் பக்கத்தில் அந்த முள் இல்லை. நான் வாலைத் தனியாக வெட்டி மகனுக்குப் பொரித்தேன். முதுகுப் பகுதியை அம்மா நெருக்கமாகக் கீறி, மஞ்சளும் மிளகாய்த்தூளும் பூசி, கொதி எண்ணெயில் மொறுமொறுப்பாக எடுத்தார். மெல்லிய முள் அப்படியே நொறுங்கிவிட்டது. அண்ணைக்கும் ஒரு தட்டில் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் தின்றுகொண்டே கேட்டது, அடுத்த சனி எத்தனை மணிக்கு வெளிக்கிடுவது என்று.