பெயரைக் கேட்டதும் பூட்டிக்கொண்ட வீடு

பாளையங்கோட்டையில் 'வீடு வாடகைக்கு' என்று பலகை. மேலப்பாளையத்து முஸ்லிம் தம்பி போய்க் கேட்டார். பெயரைச் சொன்னதும், "நேத்தே ஆள் வந்துட்டாவளே" என்றார் வீட்டுக்காரர். அரைமணி கழித்துத் திருநீற்று நெற்றியோடு நான் போனேன். சாவியும் கிடைத்தது, ஒரு டம்ளர் மோரும் கிடைத்தது. அந்த மோர் தொண்டையில் இறங்கவில்லை.

இப்போது சனிக்கிழமைதோறும் டீக்கடை பெஞ்சில் நான்கு பேர்: தம்பி, ஒரு கிறிஸ்தவ சபை ஊழியர், நான், சாமியே இல்லை என்கிற கறுப்புச்சட்டை அண்ணாச்சி. கடவுள் உண்டா இல்லையா என்று ஆரம்பிப்பவர் டீக்காசு கொடுக்க வேண்டும். அண்ணாச்சிக்குத்தான் செலவு அதிகம்.

மதம், சாதி பார்த்து யாரையும் தடுக்கக் கூடாத இடங்களாக அரசியலமைப்பின் 15-வது பிரிவு கடை, ஹோட்டல், கிணறு என்று சொல்கிறது. வாடகை வீடு அதில் இல்லை. சபை ஊழியருக்கு வேறு ஆதங்கம். பட்டியல் சாதிக்காரர் கிறிஸ்தவரானால், யார் பட்டியல் சாதி என்று சொல்லும் 1950 ஆணைப்படி அந்தத் தகுதி போய்விடும். சீக்கியருக்கு 1956-லும் பௌத்தருக்கு 1990-லும் கதவு திறந்தது, இவர்களுக்கு இல்லை. அதற்கு மனு எழுதுகிறோம்.

அப்புறம், பெயர் கேட்காமல் வீடு தருபவர்களை ஒரு நோட்டில் குறிக்கிறோம். இதுவரை ஏழு. தம்பி இருப்பது மூன்றாவதில். மாடிப்படிதான் கொஞ்சம் செங்குத்து.