நவராத்திரி மண்டபத்தில் ஒரு மத்தியானம்

பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் மரவேலையைப் பார்க்கத்தான் போகிறார்கள். முகப்பு மண்டபமான பூமுகத்தின் கூரையில் செதுக்கிய பூக்கள், குதிரை விளக்கு, மன்னரின் ஆலோசனைக் கூடமான மந்திரசாலையின் ஜன்னல்கள் எல்லாமே பார்க்க வேண்டியவைதான். ஆனால் இந்த முறை நான் போனது நவராத்திரி மண்டபத்துக்காக மட்டும். சுற்றிவரும் வழியில் அது ஏறக்குறைய கடைசியில் வருவதால், நடந்து களைத்தவர்கள் எட்டிப் பார்த்துவிட்டு வாசலுக்கு நகர்ந்துவிடுகிறார்கள்.

நாகர்கோவிலிலிருந்து தக்கலைக்கு பஸ், அங்கிருந்து ஆட்டோ. பாட்டு சொல்லிக்கொடுக்கும் அத்தையும் கூட வந்தார்.

செருப்பை வெளியே விட்டுவிட்டுப் போவதால் எந்தத் தரையையும் இங்கே பாதம்தான் முதலில் பார்க்கிறது. மண்டபத்தில் கால் வைத்ததும் சில்லென்று ஏறியது. கன்னங்கரேலென்று முகம் தெரியும் தரை. சிரட்டைக் கரி, சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு எல்லாம் சேர்த்து மெழுகியது என்று அங்கிருந்த ஊழியர் சொன்னார். இரு பக்கமும் கருங்கல் தூண்கள், அவற்றில் விளக்கேந்திய பெண்கள். ஒருத்தியின் முன் குனிந்து நின்று பார்த்தேன். அகலைத் தாங்கும் விரல்களுக்கு நடுவே இருக்கும் இடைவெளியைக்கூட விட்டுவைக்காமல் சிற்பி உளியை நுழைத்திருக்கிறார்.

கூட்டம் ஓய்ந்த நேரம் பார்த்து அத்தை சன்னமாக ஒரு சட்ஜம், அதாவது 'ஸ' சுரம், பிடித்தார். அந்தச் சத்தம் தூண்களுக்கிடையே பரவி, அவர் நிறுத்திய பிறகும் கொஞ்சம் நின்று அடங்கியது. "கேட்டியா மக்களே, மைக்கே வேண்டாம்" என்றார். மர அறைகளில் பேசினால் குரல் அங்கேயே அமுங்கிப்போகிறது. இங்கே கல்லும் வழுவழுத் தரையும் அதைத் திருப்பித் தருகின்றன. ஆட்டத்துக்கும் பாட்டுக்கும் என்றே கட்டிய இடம் என்பதைப் பலகையைப் படிக்காமலே காது சொல்லிவிடுகிறது.

ஒரு பக்கம் சின்னத் துளைகள் வைத்த மரத்தடுப்பு. அரண்மனைப் பெண்கள் அதற்குப் பின்னால் உட்கார்ந்துதான் நிகழ்ச்சி பார்த்தார்களாம். அத்தை அந்தத் துளையொன்றில் கண்ணை வைத்துப் பார்த்துவிட்டு வெகுநேரம் பேசவே இல்லை. பிறகு, "பாறசாலை பொன்னம்மாளை நினைச்சேன்" என்றார். இந்த மண்டபத்தின் சங்கீதம் போய்ச் சேர்ந்த திருவனந்தபுரம் நவராத்திரி மண்டபத்தில் பெண்கள் பாட அனுமதியே இல்லாதிருந்தது. 2006இல் கர்நாடக இசைப் பாடகி பொன்னம்மாள்தான் பெண்களில் முதன்முதலாக அங்கே பாடினார். களியக்காவிளையைத் தாண்டியதும் வருகிற ஊர் பாறசாலை. நமக்கு அடுத்த வீட்டுக்காரர் மாதிரி.

1795இல் திருவிதாங்கூரின் தலைநகரம் இங்கிருந்து திருவனந்தபுரத்துக்குப் போனது. அரண்மனை வளாகத்துக் கோயிலான தேவாரக்கெட்டின் சரஸ்வதிக்கு வீடு மட்டும் இன்றும் பத்மநாபபுரம்தான். கம்பர் பூஜித்த விக்கிரகம் என்பது ஊரில் வழிவழியாக வரும் நம்பிக்கை. ஒவ்வொரு வருஷமும் நவராத்திரிக்கு முன் மன்னரின் உடைவாளைக் கைமாற்றும் சடங்கு இந்த அரண்மனையில் நடக்கிறது. பிறகு யானைமேல் சரஸ்வதி, வேளிமலை குமாரசுவாமி, சுசீந்திரம் முன்னுதித்த நங்கை அம்மன் மூவரும் குழித்துறை, நெய்யாற்றின்கரை வழியாகத் திருவனந்தபுரம் போகிறார்கள். வழிநெடுக வாசல் தெளித்துக் கோலம் போட்டுக் காத்திருப்பார்கள்.

அங்கே ஒன்பது நாளும் திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் இயற்றிய சமஸ்கிருதக் கிருதிகள் நாளுக்கொன்று பிரதானம். சங்கராபரணத்தில் தொடங்கி கல்யாணி, சாவேரி, தோடி, பைரவி என்று போய் ஆரபியில் முடியும். கச்சேரி வழிபாடு என்பதால் யாரும் கைதட்டுவதில்லை. பாடுகிற ஆண்களுக்கு மேல்சட்டை கிடையாது.

ஆக, இசைக்காகக் கட்டிய இந்த மண்டபத்தில் நவராத்திரி அன்று தேவியும் இல்லை, பாட்டும் இல்லை. எனக்கு இது ஆறவே இல்லை. 1956இல் கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தாலும் அரண்மனையைப் பராமரிப்பது கேரளத் தொல்லியல் துறைதான். சுத்தமாக, அக்கறையாகவே வைத்திருக்கிறார்கள். தேவி ஊர் திரும்பிய பிறகு ஒரே ஒரு சாயங்காலமாவது இங்கே, மைக் இல்லாமல், அந்த ஒன்பது ராகங்களையும் பாட ஏற்பாடு செய்யலாம். கூடவே நீலகண்ட சிவன் (1839-1900) தமிழில் பாடியவற்றையும் சேர்க்க வேண்டும். நாகர்கோவில் வடிவீஸ்வரத்தில் பிறந்து இந்த பத்மநாபபுரத்தில் வாழ்ந்தவர் அவர். அவர் கும்பிட்ட நீலகண்டசுவாமி கோயில் பக்கத்திலேயே இருக்கிறது. அரண்மனை பார்க்க வருபவர்களில் எத்தனை பேர் அங்கே போகிறார்கள்?

திங்கட்கிழமை அரண்மனைக்கு விடுமுறை. மண்டபத்துக்கென்று நேரம் ஒதுக்க நினைப்பவர்கள் வார நாளில், பள்ளிக்கூடச் சுற்றுலாக்கள் இல்லாத சமயத்தில் போவது நல்லது. அத்தைக்கு இந்த வருஷம் திருவனந்தபுரத்தில் நாலாம் நாள் தோடி கேட்டே ஆக வேண்டுமாம். குழித்துறை வரை ஊர்வலத்தோடு நடப்பது என்றும், தோடிக்கு முந்தின நாளே ரயிலில் போய்விடுவது என்றும் ஆட்டோவிலேயே முடிவு செய்துவிட்டோம்.