ஓடிபி வந்தது, படிவம் போனது: ஒரு மார்கழி நாட்குறிப்பு

டிசம்பர் 20, 2025, சனி

ஆண்டிறுதி விடுப்புக்கு ஸ்ரீரங்கம் வந்தாயிற்று. விடுப்பு என்று பெயர்தான். இரண்டு இணையவழி உரைகளை ஒப்புக்கொண்டிருக்கிறேன். 27ஆம் தேதி கல்லூரி மாணவர்களுக்கு ஆண்ட்ராய்டு செயலி எப்போது பிறந்து எப்போது சாகிறது என்பது பற்றி; ஜனவரி 3ஆம் தேதி இளம் நிரலாளர்களுக்குச் செயலியில் தமிழைக் கையாள்வது பற்றி. தலைப்பில் ‘செயற்கை நுண்ணறிவு’ என்று எங்காவது வந்தால் கூட்டம் சேரும் என்று ஏற்பாட்டாளர் இன்றும் தொலைபேசியில் கெஞ்சினார். சேரும்தான். வந்தவர்களுக்கு நான் எதைச் சொல்வது? மறுத்துவிட்டேன்.

டிசம்பர் 22, திங்கள்

பகல்பத்து நடக்கிறது. வைகுண்ட ஏகாதசிவரை வீட்டில் விருந்தினருக்குக் குறைவிருக்காது. கூடத்தில் பாய்களும் பெட்டிகளும். எனக்கு மொட்டை மாடி அறை. ஒலிபெருக்கி ஓய்ந்திருக்கும் நேரம் பார்த்துத்தான் ஒத்திகை.

விடுமுறையில் வீட்டிலிருக்கும் மாணவர்களில் பலர் கைபேசியில்தான் உரையைப் பார்ப்பார்கள் என்று ஏற்பாட்டாளர் சொன்னார். அதைக் கேட்டதும் பாதிக்கு மேற்பட்ட ஸ்லைடுகள் வீணாயின. ஆண்ட்ராய்டு செயலிகளை எழுதும் கோட்லின் என்ற நிரல்மொழிக்கு ஆண்ட்ராய்டு வைத்திருக்கும் நடைவிதி ஒரு வரிக்கு 100 எழுத்துவரை அனுமதிக்கிறது. ஆறங்குலத் திரையில் அப்படியொரு வரியை யார் படிப்பது? வரிக்கு 40 எழுத்து, ஸ்லைடுக்குப் பத்து வரி என்று வைத்துக்கொண்டேன். நிரலே சுத்தமாகிவிட்டது! வரலாற்று ஸ்லைடுகளையும் நீக்கினேன். கோட்லினை கூகுள் 2017இல் ஏற்றது, 2019இல் முதன்மை மொழியாக்கியது, திரைகளை அமைக்கும் ஜெட்பேக் கம்போஸ் கருவித்தொகுப்பு 2021இல் நிலையான பதிப்பானது: ஒரே மூச்சில் சொல்லிவிடலாம்.

டிசம்பர் 25, வியாழன்

உரைக்கு ஒரு நல்ல உதாரணம் தேடிக்கொண்டிருந்தேன். மாமாவே கொண்டுவந்தார்.

ஊர் திரும்ப டிக்கெட் எடுக்க ஒரு செயலியில் பெயர், வயது, முகவரி எல்லாவற்றையும் பொறுமையாக நிரப்பியிருக்கிறார். ஓடிபி வந்தது. குறுஞ்செய்தியைத் திறந்து எண்ணைப் பார்த்துவிட்டுத் திரும்பினால் படிவம் வெறுமையாக இருந்தது. “என்னடா இது, மூன்றாம் முறையாக எழுதுகிறேன். நான் ஏதாவது தப்பாக அழுத்துகிறேனா?” என்றார். இல்லை மாமா, தப்பு எழுதியவன்மேல்.

அவருடைய பழைய கைபேசியில் நினைவகம் 2 ஜிபி. வேறு செயலியைத் திறந்ததும், இடம் போதாமல் பின்னணியில் இருப்பதை ஆண்ட்ராய்டு கொன்றுவிடுகிறது. திரும்பி வரும்போது அதே பக்கத்தைத் திறந்து காட்டுகிறது. உள்ளே இருந்ததைப் பத்திரப்படுத்துவது நிரலாளரின் பொறுப்பு. பலர் எல்லாவற்றையும் வியூமாடலில், அதாவது திரைக்குரிய தகவலை வைத்திருக்கும் நிரல்பகுதியில், வைத்துவிட்டு நிம்மதியாகிவிடுகிறார்கள். திரையைத் திருப்பினால் ஆண்ட்ராய்டு அதை அழித்துப் புதிதாக உருவாக்கும்; அப்போது வியூமாடல் பிழைக்கும். செயலியின் புராசஸே (நினைவகத்தில் ஓடிக்கொண்டிருக்கும் அதன் இயக்கமே) செத்தால் அதுவும் கூடவே சாகும். அதற்குத்தான் சேவ்டு ஸ்டேட் ஹேண்டில்: புராசஸ் செத்தாலும் தப்பிக்கும் சிறு சேமிப்பிடம். அதிலும் படங்களையும் நீண்ட பட்டியல்களையும் திணிக்கக்கூடாது. அது பயணிக்கும், புராசஸ்களுக்கிடையே தகவல் கடத்தும் பைண்டர் வழியின் கொள்ளளவு 1 எம்பிதான். அதையும் அந்தப் புராசஸின் மற்றப் பரிமாற்றங்களோடு பகிர்ந்துகொள்ள வேண்டும். தட்டச்சு செய்த நான்கு வரிகளுக்கு அது தாராளம்.

விலையுயர்ந்த கைபேசி வைத்திருக்கும் நிரலாளருக்கு இந்தப் பிழை கண்ணில் படுவதே அபூர்வம். அதனால்தான் இது மாமாக்களின் தலையில் விடிகிறது. உரையின் முதல் ஸ்லைடு முடிவாகிவிட்டது.

டிசம்பர் 26, வெள்ளி

செயல்விளக்க ஒத்திகை. ‘ஆக்டிவிட்டிகளை (திரைகளை) வைத்திருக்காதே’ என்று டெவலப்பர் அமைப்புகளில் ஒன்று உண்டு. சோதனைக்கு அதைத்தான் எல்லோரும் பரிந்துரைப்பார்கள். எனக்கு அதில் முழுத் திருப்தி இல்லை. அது திரையை மட்டும் அழிக்கும். புராசஸ் உயிரோடிருப்பதால் பொது மாறிகளில் வைத்த தகவல் தப்பித்துக்கொள்ளும், பிழையும் மறைந்துகொள்ளும். முகப்புக்குப் போய்விட்டு கணினியிலிருந்து கைபேசிக்குக் கட்டளையிடும் ஏடிபி கருவி வழியாக, புராசஸையே கொல்லும் ‘ஏஎம் கில்’ கட்டளை கொடுப்பதே நேர்மையான சோதனை. கணினிக்குள்ளேயே கைபேசிபோல் இயங்கும் எமுலேட்டரும் ஒளிபரப்பு மென்பொருளும் சேர்ந்து மடிக்கணினியைத் திணறடித்ததால், மாமாவின் கைபேசியையே கேபிளில் இணைத்துக் காட்டப்போகிறேன். தந்துவிட்டார், “அழைப்பு வந்தால் கொடு” என்ற நிபந்தனையோடு.

டிசம்பர் 27, சனி

நடந்தது. எல்லோருடைய கேமராவும் அணைந்திருக்கும்போது நகைச்சுவை எடுபட்டதா என்று தெரிவதேயில்லை. அரட்டைப் பெட்டி மட்டும் ஆறுதல். படிவம் காணாமல் போனதைக் காட்டியதும் “என் அப்பாவுக்கும் இப்படித்தான்” என்று வரிசையாக வந்து விழுந்தன.

ஒரு மாணவி கேட்டார்: திரையைச் செங்குத்தாகப் பூட்டிவிட்டால் பாதித் தொல்லை தீர்ந்துவிடுமே? பலர் அந்தக் குறுக்கு வழியில் காலம் தள்ளியதும் உண்மை. ஆண்ட்ராய்டு 16ஐ இலக்காகக் கொண்ட செயலிகளில், டேப்லெட் போன்ற பெரிய திரைகளில், விளையாட்டுகள் தவிர மற்றவற்றின் பூட்டை அமைப்பு பொருட்படுத்தாது. தற்காலிக விலக்கு உண்டு, அவ்வளவுதான். பூட்டினாலும் மாமாவின் படிவம் பிழைக்காது என்பதையும் சொன்னேன். நடுவில் அவருக்கு அழைப்பு வந்தது. திரையில் எல்லோரும் பார்த்தார்கள்.

டிசம்பர் 30, செவ்வாய்

வைகுண்ட ஏகாதசி. விடியற்காலையில் பரமபத வாசல். கூட்டத்தில் கைபேசிக்குச் சமிக்ஞையே இல்லை; வேலையும் இல்லை. நாளை பாரணைக்கு அகத்திக்கீரை ஆய அம்மா இப்போதே ஆள் பிடிக்கிறாள்.

ஜனவரி 2, 2026, வெள்ளி

தமிழ் உரைக்கு இந்த ஊர்ப் பெயரையே எடுத்துக்கொண்டேன். ‘ஸ்ரீரங்கம்’ என்பதன் நீளத்தைக் கேட்டால் கோட்லின் 10 என்கிறது. புள்ளியும் துணைக்குறியும் தனித்தனிக் குறியீடுகள் என்பதால் அப்படி. மனிதக் கண்ணுக்கு ஐந்து எழுத்து. எழுத்து எல்லை பார்க்கும் பிரேக் இட்டரேட்டர் ஆறு என்கிறது, ‘ஸ்’ வேறு ‘ரீ’ வேறு என்று எண்ணி. தொடர்புப் பட்டியலில் வட்டத்துக்குள் முதலெழுத்தைப் போடும் நிரலைப் பலரும் முதல் குறியீட்டை மட்டும் வெட்டித்தான் எழுதுகிறார்கள். மீனாட்சி ‘ம’ ஆகிறாள், கோபால் ‘க’ ஆகிறார். பெயருக்கு உச்ச நீளம் வைத்து வெட்டினால் கடைசிப் புள்ளி உதிரும். இதையெல்லாம் சிறு பிழை என்று ஒதுக்குபவர்களிடம் எனக்குக் கோபம் வரும். தன் பெயர் தப்பாகத் தெரிந்தால் ஒதுக்குவார்களா?

ஜனவரி 3, சனி

உரை முடிந்தது. கேள்வி நேரம் உரையைவிட நீண்டது. ஒருவர், தேடலில் கோயில் பெயர் பாதி இடங்களில்தான் அகப்படுகிறது என்றார். காரணம் ஊகிக்க முடிந்தது: ‘ஸ’வில் தொடங்கும் ஸ்ரீயும், 2005இல் யுனிகோடு என்ற எழுத்துக் குறியீட்டுத் தரத்தில் சேர்ந்த ‘ஶ’வில் தொடங்கும் ஶ்ரீயும் பல எழுத்துருக்களில் ஒன்றுபோலவே தெரியும், கணினிக்கு இரண்டும் வேறு. ஒரே எழுத்தின் வெவ்வேறு குறியீட்டு வடிவங்களை ஒன்றாக்கும் யுனிகோடின் இயல்பாக்கமும் இவற்றை ஒன்றாக்குவதில்லை. சேமிக்கும்போதே ஒரு வடிவத்துக்கு மாற்றுங்கள் என்றேன். அதற்கான சிறு செயற்கூற்றை எழுதி அனுப்புவதாக வாக்குக் கொடுத்திருக்கிறேன். திங்கள்கிழமை அலுவலகம், அதற்குமுன் முடிக்க வேண்டும்.