ஒரே ஒரு கேமைக் காப்பாற்றலாம் என்றால்

அழியாமல் காப்பாற்ற ஒரே ஒரு பழைய கணினி கேமைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், என் ஓட்டு 1993-இல் வந்த டூம் என்ற சுடும் கேமுக்குத்தான். கேமை இயக்கும் நிரலான இன்ஜின் தனி, வரைபடம், படம், ஒலி எல்லாம் வாட் என்ற தனிக் கோப்பு. 1997-இல் இன்ஜினின் மூலநிரலும் வெளியானது (லினக்ஸ் பதிப்புதான்; டாஸ் என்ற பழைய இயங்குதளத்துக்கான பதிப்பில் இருந்த ஒலி நிரல் வேறொருவருக்குச் சொந்தம்).

பழைய 3.5 அங்குல பிளாப்பி கையில் இருந்தால், முதலில் ரைட் புரொடெக்ட் துளையைத் திறந்துவிடுங்கள்; அப்போது தவறிக்கூட வட்டில் எதுவும் எழுதப்படாது. வட்டு முழுவதையும் அப்படியே ஒரே கோப்பாக நகலெடுத்து (இமேஜ்), அந்தக் கோப்பின் கைரேகை போன்ற எஸ்எச்ஏ-256 மதிப்பையும் கூடவே சேமியுங்கள். இரண்டு முறை படித்து மதிப்பு மாறினால், டிரைவ் ஹெட்டை ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் துடைத்துவிட்டு மறுபடி படியுங்கள். அப்போதும் மாறினால் வட்டின் காந்தப் பூச்சு போய்க்கொண்டிருக்கிறது, தள்ளிப்போடாதீர்கள்.

கேம் ஓடினால் மட்டும் போதாது, அன்று ஓடியபடியே ஓட வேண்டும். அதைச் சோதிக்க, ஒருவர் ஆடிய ஆட்டத்தைப் பதிவு செய்த டெமோ கோப்பு இருக்கிறது. அதில் வீடியோ இல்லை. ஆடுபவரின் அசைவுகள் மட்டும், நொடிக்கு 35 முறை. ரேண்டம் எண்கள்கூட 256 எண்கள் கொண்ட மாறாத அட்டவணையிலிருந்தே வருகின்றன; அதனால் அதே அசைவுகளைக் கொடுத்தால் அதே ஆட்டம் மறுபடி நடக்கும். எவ்வளவு அழகான அமைப்பு! இன்ஜினில் ஒரு சின்னப் பிழையைத் திருத்தினாலே கணக்கு பிசகி, டெமோவில் வீரன் சுவரில் முட்டிக்கொண்டு நிற்கலாம். அதனால் பழைய பிழைகளையும் அப்படியே வைத்திருக்கும் சாக்லேட் டூம் என்ற இன்ஜினில் ஓட்டிப் பாருங்கள். திரை விகிதம் 4:3 இருக்கட்டும். 320-க்கு 200 படத்தைச் சதுரப் பிக்சலில் காட்டினால் எல்லாரும் குட்டையாகத் தெரிவார்கள்.