எல்லாமே சரிதான்

“மிஸ், அப்ப அவன் பண்றதும் சரியா?” என்று என் நடன வகுப்பில் நாலாம் வகுப்புப் பெண் ஒருத்தி, பக்கத்தில் இருந்த பையனைக் காட்டிக் கேட்டாள். “ஆமாம்மா, எல்லாமே சரிதான்” என்றேன். அந்தப் பதில் இன்னும் உறுத்துகிறது.

விளையாட்டு இதுதான்: தாளம் தட்டும் தட்டுக்கழியில் நான் தகதிமி தட்ட, 16 எண்ணிக்கைக்கு நடக்க வேண்டும். தட்டு நின்றதும் உடம்பின் 3 இடங்கள் மட்டும் தரையில் பட, 8 எண்ணும்வரை அசையக் கூடாது. அடுத்து 2, பிறகு 5. வெறுங்கால்தான், சாக்ஸ் போட்டால் சிமென்ட் தரை வழுக்கும். “காலியான இடத்தைப் பார்த்து நட” என்று சொல்லாவிட்டால் எல்லாரும் ஒரே திசையில் வட்டமடித்து ஓட ஆரம்பித்துவிடுவார்கள். நான் செய்து காட்டுவதில்லை. பரதநாட்டியத்தின் அடிப்படை அசைவான அடவுக்குக் காட்டித்தான் ஆக வேண்டும், முட்டியை மடக்கிப் பாதி உட்காரும் அரைமண்டியில் முட்டி பாதத்தின் திசையிலேயே திரும்பாவிட்டால் முட்டிதான் கெடும். இங்கே காட்டினால் 36 பேரும் என்னையே நகலெடுப்பார்கள்.

அவள் ஒரு காலிலும் இரண்டு கையிலும் நின்றாள். ஒரு கால் மேலே. விரல்களை விரிக்காமல் ஊன்றியதால் பாரம் முழுவதும் மணிக்கட்டில் இறங்கி, கை நடுங்கியது. மூச்சை வேறு பிடித்துக்கொண்டிருந்தாள். அப்படியும் 8 எண்ணி முடித்துத்தான் எழுந்தாள். அவள் காட்டிய பையன் குப்புறப் படுத்திருந்தான்.

மூன்று வாரமாகச் சுவரோரம் நின்றவன், அன்றுதான் நடுவில் வந்திருந்தான். தப்பு என்றால் மறுபடி சுவருக்கே போய்விடுவான் என்று நினைத்தேன். அந்தப் பயம் நியாயமானதுதான். ஆனால் 3 என்ற விதியை வைத்ததும் நான்தானே? அந்தக் கட்டுப்பாடு இருப்பதால்தான் பிள்ளை புது வழி தேடுகிறது. அசைவை எடை, காலம், வெளி, ஓட்டம் என்று பிரித்துப் பார்த்தார் நடனக் கோட்பாட்டாளர் ருடால்ஃப் லாபன். அன்று நான் கற்றுத்தர நினைத்தது எடையை. அதை உடம்பால் கண்டுபிடித்துக்கொண்டிருந்தவளிடம், நீ பட்ட பாடும் படுத்திருப்பதும் ஒன்றுதான் என்று சொல்லிவிட்டேன். அடுத்த சுற்றில் அவள் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

ஒருவேளை கை வலித்திருக்கலாம். அப்படியும் சொல்லிப் பார்க்கிறேன்.

வழக்கமாகப் பாதிப் பேர் செய்வார்கள், மீதிப் பேர் உட்கார்ந்து, தரையில் படும் இடங்களை எண்ணிச் சொல்வார்கள். சரி தப்பு என்ற பேச்சே வராது, எண்ணிக்கைதான் வரும். அன்று 40 நிமிடப் பீரியடில் மணியடிக்க ஐந்து நிமிடம்தான் இருந்தது. எண்ணும் வேலையை விட்டுவிட்டு எல்லாரையும் ஒன்றாகச் செய்யச் சொன்னேன்.

அந்தப் பையன் கையையும் காலையும் தூக்கியிருந்தான், தாடையைக்கூட. வயிறு மட்டும்தான் தரையில். “இவனுக்கு எத்தனை?” என்று வகுப்பைக் கேட்டிருந்தால், ஒன்று என்றிருப்பார்கள். அவளுக்கு 3. யாரும் இன்னும் 1 கேட்கவே இல்லை. அது அவனைச் சுவருக்குத் துரத்தியிருக்குமா, நடுவிலேயே நிறுத்தியிருக்குமா?