மொய் நோட்டில் கிடைத்த பத்து ஆராங்

ஒருவழியாக ஆள் அகப்பட்டுவிட்டார். கொள்ளுத்தாத்தா மலாயாவில் பால்மரம் சீவவில்லை, நிலக்கரி வெட்டியிருக்கிறார். அவர் தங்கை கல்யாண மொய் நோட்டில், அவர் அனுப்பிய பணத்துக்கு எதிரே 'பத்து ஆராங் சுரங்கம்' என்று தெளிவாக இருக்கிறது. சிலாங்கூரில் 1915 முதல் 1960 வரை ஓடிய நிலக்கரிச் சுரங்கம் அது. எங்கள் திருத்துறைப்பூண்டிப் பக்கம் மலாயா என்றாலே ரப்பர் தோட்டம்தான். நாகப்பட்டினத்தில் கப்பலேறியவர்கள் எல்லாரையும் அந்த ஒரே கணக்கில் சேர்த்துவிடுவார்கள்.

வம்சாவளி தேடுகிறவர்களுக்கு மொய் நோட்டின் அருமையைச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அந்த எண்கள் இருக்கின்றனவே, உயிரை வாங்கிவிட்டன. எழுதியவர் பழைய பாணிக்காரர். பதினைந்துக்கு ௰௫ போடுகிறார். அதுகூடப் பரவாயில்லை. ௪ (நாலு), ௬ (ஆறு) இரண்டுக்கும் ஒரு வால்தான் வித்தியாசம், மசி மங்கினால் முதலில் காணாமல் போவதும் அந்த வால்தான். நல்லவேளையாகப் பக்கத்தின் அடியில் கூட்டுத்தொகை போட்டிருக்கிறார். சந்தேகமான இடத்தில் நாலை வைத்துக் கூட்டிப் பார்க்க வேண்டும், இடித்தால் ஆறு. ஒரே பக்கத்தில் இரண்டு சந்தேகம் வந்தால்தான் வம்பு. ஒன்று நாலு, இன்னொன்று ஆறு என்றால் எதை எங்கே வைத்தாலும் கூட்டு ஒன்றுதான்.

அங்கேதான் கள்ளநோட்டு பார்க்கும் புற ஊதா டார்ச் கைகொடுத்தது. கடுக்காயும் அன்னபேதி என்ற இரும்பு உப்பும் சேர்த்த பழைய மசி அந்த வெளிச்சத்தில் கறுத்து நிற்கும், தாள் லேசாக ஒளிரும். அறையை நன்றாக இருட்டாக்கிவிட்டுச் சாய்த்துப் பிடியுங்கள், போன வால் திரும்ப வருகிறது! வாங்கும்போது அலைநீளம் 365 நானோமீட்டர் என்று கேட்டு வாங்குங்கள். கடையில் 395-ஐத் தலையில் கட்டப் பார்ப்பார்கள், அதில் ஊதா வெளிச்சம்தான் அதிகம். நோட்டைப் பத்திரப்படுத்த ஆசிட் இல்லாத தாள் உறை மட்டும் தஞ்சாவூரில் எந்தக் கடையிலும் கிடைக்கவில்லை. 'அப்படின்னா என்ன சார்?' என்று என்னையே கேட்டார்கள். ஆன்லைனில்தான் வாங்கினேன், விலை அநியாயம்.

நோட்டின் தலைப்பில் ஈஸ்வர ௵ (வருஷம்) வைகாசி ௴ (மாதம்). அப்படியென்றால் 1937 மே, ஜூன். நாள் ௰௪-ஆ ௰௬-ஆ என்று இங்கேயும் அதே வால் தகராறு. கிழமையும் எழுதியிருந்ததால் பழைய பஞ்சாங்கம் தீர்த்து வைத்தது.

எனக்குச் சுவாரசியம் வேறு இடத்தில். அதே 1937 மார்ச்சில் பத்து ஆராங்கில் பெரிய வேலைநிறுத்தம். சீனத் தொழிலாளர்கள் முன்னின்று சுரங்கத்தையே தங்கள் கையில் எடுத்துக்கொண்டார்கள், மாதக் கடைசியில் போலீஸ் புகுந்து அடக்கியது. அடுத்த ஒன்றிரண்டு மாதத்திலேயே இவர் ஊருக்குப் பதினைந்து ரூபாய் அனுப்புகிறார். அன்றைக்கு அது சின்னப் பணமில்லை. கூலி கூடியதா, கங்காணியிடம் கடன் வாங்கினாரா?

நெய்வேலியில் ஓய்வு பெற்ற சித்தப்பாவிடம் சொன்னேன். "அப்ப இது நம்ம பரம்பரைத் தொழில்னு சொல்லுடா" என்று ஒரே பெருமை. அவர் பார்த்தது வாளிச் சக்கர இயந்திரம் ஓடும் திறந்தவெளிச் சுரங்கம். பத்து ஆராங்கில் நிலத்தடி வேலையும் உண்டு. தாத்தா எதில் இருந்தார் என்று அவருக்கு இப்போது என்னைவிட அவசரம், தினமும் போன் செய்கிறார்.

நோட்டில் பாதிக்கு மேல் இன்னும் படி எடுக்கவில்லை, நோட்டு வைத்திருக்கும் அத்தையோ "எப்பப்பா திருப்பித் தருவ?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார். ஆனால் மனசு சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் பழைய பத்திரிகைப் பக்கங்களுக்குத் தாவிவிட்டது. 1937 மார்ச் மாத ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் அங்கே இலவசமாகவே கிடைக்கிறது. அதை முடித்துவிட்டு, நாகப்பட்டினத்துக்கும் மலாயாவுக்கும் ஓடிய ராஜுலா கப்பலில் திரும்பாமல் அங்கேயே தங்கிவிட்ட பெரிய தாத்தா கிளையைப் பிடிக்க வேண்டும். அவர்கள் வீட்டில் ஒரு மொய் நோட்டாவது இல்லாமலா போகும்?